அவர்கள் ஓடுகிறார்கள், நாம் நடத்துகிறோம்

சென்ற இதழில் 'ரன்' என்னும் ஆங்கில வினைச்சொல்லைப் பற்றி ஒரு வாசகருக்கு நான்கே வரிகளில் விடை எழுதியிருந்தேன். அது போதவில்லை என்பதை அடுத்தடுத்து வந்த கடிதங்கள் உணர்த்தின. ஆகவே இந்த முறை பகுதி முழுவதையும் அந்த ஒரு சொல்லுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி (பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், திருநெல்வேலி): நான் படிக்கும் துணைநூலில் 'ரன்' என்ற சொல்லுக்கு 38 பொருள்கள் தரப்பட்டிருக்கின்றன. மனப்பாடம் செய்யத் தொடங்கிப் பன்னிரண்டோடு நின்றுவிட்டேன். உண்மையில் அதற்கு எத்தனை பொருள்கள் உள்ளன? எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தே தீர வேண்டுமா?

பதில்: வேண்டாம், தம்பி. எண்ணிக்கையைக் கேட்டால் ஏன் வேண்டாம் என்பது உங்களுக்கே விளங்கிவிடும். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி 1884 முதல் பகுதி பகுதியாக வெளிவந்து 1928இல் முதன்முறையாக நிறைவுற்றது. 1989இல் 20 தொகுதிகளாக வந்த அதன் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட இடத்தைப் பிடித்துக்கொண்ட சொல் 'செட்'. அதன் வினைப்பொருள்கள் மட்டும் ஏறக்குறைய 430. மூன்றாம் பதிப்புக்காகத் திருத்தம் நடந்தபோது 'ரன்' அதை முந்திவிட்டது. பீட்டர் கில்லிவர் என்னும் அகராதியியலாளர் இந்த ஒரு சொல்லுக்காகவே ஒன்பது மாதங்களுக்கு மேல் உழைத்து, வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்களைப் பிரித்துக் காட்டினார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களில் ஒருவர்கூட இந்த 645ஐ மனத்தில் பட்டியலாக வைத்திருப்பதில்லை. நம் வீட்டுக் குழந்தை 'ஆறு ஓடுது', 'பஸ் ஓடுது', 'படம் ஓடுது', 'கடிகாரம் ஓடல' என்று நான்கு வகையாகவும் பள்ளிக்குப் போகும் முன்பே பேசிவிடுகிறது; யாரும் அதற்கு 'ஓடு' என்பதன் பொருள்களை வரிசைப்படுத்திச் சொல்லிக் கொடுப்பதில்லை.

அப்படியானால் எதைத்தான் நினைவில் வைப்பது? சொல்லின் பிறப்பைத் தெரிந்துகொள்வது இங்கே பெரிதும் உதவும். பழைய ஆங்கிலத்தில் இது ஒரு சொல்லாக இருக்கவில்லை, இரண்டாக இருந்தது. 'ரின்னன்' என்பது ஒன்று. எழுத்து இடம் மாறி 'இர்னன்' என்றும் வழங்கியது. தண்ணீர் ஓடுவதற்கும் உயிர்கள் ஓடுவதற்கும் அது பொதுவான சொல். மற்றொன்று 'அர்னன்', குதிரையைச் செலுத்துவதுபோல, பிறிதொன்றை ஓடச் செய்வதைக் குறித்தது. தமிழில் நாம் தன்வினை என்றும் பிறவினை என்றும் பிரிப்பதைப் போன்றதே இது. முன்னது நம் 'ஓடு', பின்னது நம் 'ஓட்டு'. ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்து இங்கிலாந்தில் குடியேறியவர்களின் மொழியில் இருந்த இணைச்சொற்களும் சேர்ந்துகொள்ள, இடைக்கால ஆங்கிலத்தில் இவை யாவும் ஒன்றோடொன்று கலந்து, கடைசியில் 'ரன்' என்ற ஒரே வடிவம் மிஞ்சியது. ஆங்கிலத்தின் உறவு மொழியான ஜெர்மன் இன்றும் இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்கிறது: நீர் வடிந்து ஓடுவது 'ரின்னென்', காலால் விரைவது 'ரென்னென்'. ஆங்கிலம் மட்டும் இரு சுமைகளையும் ஒரே தோளில் ஏற்றிக்கொண்டது. பொருள்கள் இவ்வளவு பெருகியதற்கு அது ஒரு முதன்மையான காரணம் என்று நினைக்கிறேன்.

ஆகவே 38க்குப் பதிலாக இரண்டு காட்சிகளை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். முதலாவது, நீரைப்போல ஒன்று தடையில்லாமல் தொடர்ந்து போய்க்கொண்டிருப்பது. ஆறு ஓடுவது, மூக்கு ஒழுகுவது, துணியின் சாயம் இறங்குவது, சாலை ஊருக்குக் குறுக்கே செல்வது, நாடகம் ஆறு வாரம் தொடர்ந்து நடப்பது, ஒரு நோய் குடும்பத்தில் வழிவழியாக வருவது ஆகிய எல்லாவற்றிலும் இந்த நீரோட்டம் இருக்கிறது. இரண்டாவது, அப்படி ஒன்று ஓடும்படி ஒருவர் செய்வது. குழாயைத் திறப்பது, இயந்திரத்தை இயக்குவது, கடையை நடத்துவது, கணினியில் நிரலை இயக்குவது ஆகியவை இந்தப் பக்கம் சேரும். நீங்கள் எழுதி அனுப்பிய பட்டியலை எடுத்து வைத்துப் பார்த்தேன். முப்பதுக்கும் மேற்பட்டவை இந்த இரண்டு காட்சிகளுக்குள் அடங்கிவிட்டன. மிச்சமுள்ளவற்றைச் சொற்றொடராகப் படியுங்கள். தனிச்சொல்லாகப் படிக்க வேண்டாம்.

நம் 'ஓடு' என்பதும் இதே வழியில்தான் வளர்ந்திருக்கிறது. ஓடை, நீரோட்டம், எண்ண ஓட்டம், ரத்த ஓட்டம் என எத்தனை இடங்களில் அந்த நீரின் நினைவு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள். ஆங்கிலச் சொல்லின் மேல் உள்ள அச்சம் பாதி போய்விடும்.

கேள்வி (செய்தி மொழிபெயர்ப்பாளர், சென்னை): அயல்நாட்டுச் செய்திகளைத் தமிழாக்குவது என் அன்றாட வேலை. 'ரன்' வரும் இடமெல்லாம் கை தயங்குகிறது. 'அதிபர் பதவிக்கு ஓடுகிறார்' என்று எழுதி ஒருமுறை ஆசிரியரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். இதற்கு நிலையான தமிழ்ச் சொல் ஒன்று உண்டா?

பதில்: இல்லை. 'ஓடு' என்பது பாதி வழிக்கே துணை வரும். மீதி வழியில் ஆங்கிலம் ஓடுகின்ற இடத்தில் தமிழ் நடக்கிறது. சில இடங்களில் நிற்கவும் செய்கிறது.

அரசுப் பேருந்தில் ஏறிப் பாருங்கள். முன்னால் அமர்ந்திருப்பவர் ஓட்டுநர். தோளில் பையோடு பயணச்சீட்டு கொடுப்பவர் நடத்துநர். அந்த வண்டியை அந்த வழித்தடத்தில் விட்டிருக்கும் போக்குவரத்துக் கழகம் அதை இயக்குகிறது. ஒரே பேருந்துக்குத் தமிழில் மூன்று வினைகள். இவற்றில் ஆங்கிலத்தின் 'ரன்' பொருந்துவது கழகத்தின் வேலைக்குத்தான். ஓட்டுநர் செய்வதற்கு அவர்கள் 'டிரைவ்' என்பார்கள். ஆகவே 'ரன்' என்பதைக் கண்டவுடன் 'ஓட்டு' என்று எழுதினால் கழகத்தின் தலைவரைக் கொண்டுபோய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்ததாக ஆகிவிடும்.

ஒரு நிறுவனம், பள்ளி, கட்சி, பயிற்சி வகுப்பு, கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றோடு 'ரன்' வந்தால் நமக்கு 'நடத்து' இருக்கிறது. 'நட' என்பதன் பிறவினை அது. ஆங்கிலேயருக்கு நிர்வாகம் என்பது ஓடச் செய்வது; நமக்கு அது நடக்கச் செய்வது. ஆட்சியைக்கூட நாம் நடத்துகிறோம், குடும்பத்தையும் நடத்துகிறோம். இயந்திரத்துக்கும் மென்பொருளுக்கும் 'இயக்கு', 'இயங்கு'. செய்தித்தாள் ஒரு கட்டுரையை 'ரன்' செய்தது என்றால் 'வெளியிட்டது' என்பதற்கு மேல் ஒன்றும் வேண்டியதில்லை.

தேர்தலுக்கு வருகிறேன். அமெரிக்காவில் வேட்பாளர் 'ரன்' செய்கிறார். இங்கிலாந்தில் அதே வேட்பாளர் 'ஸ்டாண்ட்' செய்கிறார். நம் ஊர்ப் பேச்சிலும் 'தேர்தல்ல நிக்கிறார்' என்பதே வழக்கு. எழுத்தில் 'போட்டியிடுகிறார்' என்கிறோம். எனவே 'அதிபர் பதவிக்குப் போட்டியிடுகிறார்' என்பதே சரி. 'ரன்னிங் மேட்' என்று வருபவரை 'உடன் ஓடுபவர்' என்று எழுதிய ஒரு செய்தியை நானே படித்திருக்கிறேன். அவர் துணை அதிபர் பதவிக்கான வேட்பாளர். அவ்வளவு எளிதாகச் சொல்லிவிடக்கூடியது அது.

இன்னோர் இடத்தில் கூடுதல் கவனம் தேவை. 'ரன் ஆன் எ பேங்க்' என்பது வங்கியின் மேல் நம்பிக்கை இழந்து வாடிக்கையாளர்கள் ஒரே நேரத்தில் தம் பணத்தைத் திரும்பக் கேட்டுக் குவிவதைக் குறிக்கும். 2007 செப்டம்பரில் இங்கிலாந்தின் நார்தர்ன் ராக் வங்கிக் கிளைகளின் வாசலில் மக்கள் நீண்ட வரிசையில் நின்றார்கள். வரிசையில் நின்றவர்கள் ஓடவில்லை என்றாலும் அந்த நிகழ்வுக்கு ஆங்கிலத்தில் பெயர் 'ரன்'தான். இதை 'வங்கி ஓட்டம்' என்று எழுதுவது வாசகருக்கு எதையும் உணர்த்தாது. 'வைப்புப் பணத்தை எடுக்க மக்கள் முண்டியடித்தனர்' என்று நிகழ்வையே சொல்லிவிடுவது நல்லது.

'இன் தி லாங் ரன்' என்பதற்கு 'நீண்ட ஓட்டத்தில்' என்று எழுதும் வழக்கம் அண்மைக் காலத்தில் பரவி வருகிறது. எனக்கு அது சிறிதும் ஏற்புடையதன்று. 'நாளடைவில்', 'போகப்போக', 'காலப்போக்கில்' என்று மூன்று நல்ல தொடர்கள் நம் கையில் இருக்கும்போது நான்காவதாக ஒன்றை இறக்குமதி செய்யத் தேவையே இல்லை.

கேள்வி (செவிலியர், திருச்சி): இங்கிலாந்தில் பணியாற்றுவதற்காக, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வாகிய ஓ.இ.டி. எழுத இருக்கிறேன். பயிற்சி வகுப்பில் ஒலிப்பதிவு ஒன்றில் வயதான நோயாளி ஒருவர் 'ஐ ஃபீல் ரன் டௌன்' என்றார். வாகனம் மோதிய காயம் என்று எழுதிவிட்டேன். மருத்துவமனைப் பேச்சில் இந்தச் சொல் வரும் விதங்களை விளக்க முடியுமா?

பதில்: சகோதரி, நீங்கள் எழுதியது முற்றிலும் தவறான ஊகம் என்று சொல்ல முடியாது. வாகனம் ஒருவரை இடித்துத் தள்ளுவதற்கும் 'ரன் டௌன்' என்பது உண்டு. ஆனால் அங்கே இடித்த வண்டி ஒன்று வாக்கியத்தில் இருக்கும். 'ஐ ஃபீல்' என்று தொடங்கிவிட்டால் அது உணர்வைச் சொல்வது; உடல் சோர்ந்து தளர்ந்து கிடப்பதைக் குறிப்பது. சாவி கொடுக்கும் பழைய கடிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முறுக்கு முழுவதும் அவிழ்ந்து, ஓட்டம் தேய்ந்து, நிற்கப் போகும் நிலைதான் 'ரன் டௌன்'. மின்கலம் தீர்ந்துபோவதற்கும் அதே தொடர். ஓய்வில்லாமல் உழைத்த மனிதர் அதைத் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறார்.

ஒரு காலைப் பணிநேரத்தைக் கற்பனை செய்துகொண்டு சொல்கிறேன். நீங்கள் உள்ளே நுழையும்போது மூத்த செவிலியர் 'வி ஆர் ரன்னிங் லேட்' என்கிறார். யாரும் ஓடவில்லை, வேலைகள் குறித்த நேரத்துக்குப் பின்தங்கியிருக்கின்றன. மூன்றாம் படுக்கையில் இருப்பவர் 'ரன்னிங் எ டெம்பரேச்சர்' என்றால் அவருக்குக் காய்ச்சல் அடிக்கிறது. மருத்துவர் 'லெட்ஸ் ரன் சம் டெஸ்ட்ஸ்' என்றால் சில பரிசோதனைகள் செய்து பார்க்கலாம் என்கிறார். 'டஸ் இட் ரன் இன் தி ஃபேமிலி?' என்று அவர் நோயாளியிடம் கேட்பது, இந்த நோய் குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்திருக்கிறதா என்பது. முதியவருக்கு 'ரன் எ பாத்' என்று உங்களிடம் சொன்னால் தொட்டியில் தண்ணீர் பிடித்து வைக்க வேண்டும். ஒரு மருந்தின் அளவில் உங்களுக்கு ஐயம் எழுந்தால் 'ரன் இட் பை தி டாக்டர்' என்பார்கள். மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள் என்று பொருள்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, ஓர் இடத்தில் தவறு நேரவே கூடாது. 'ரன் ஓவர்' என்பது வண்டி ஏறிவிட்டதைச் சொல்லும் என்று படித்திருப்பீர்கள். சிரை வழியாக ஏற்றும் திரவத்தைப் பற்றி 'ரன் இட் ஓவர் எய்ட் அவர்ஸ்' என்று குறிப்பு வந்தால், நாம் 'ட்ரிப்ஸ்' என்று சொல்லும் அந்தத் திரவம் எட்டு மணி நேரத்தில் ஏறி முடியும்படி வேகத்தை அமைக்க வேண்டும் என்பது பொருள். 'ஓவர்' இங்கே காலத்தோடு சேர்ந்த சொல். 'ரன்' என்பதோடு சேர்ந்ததன்று. அதற்குப் பின்னால் ஒரு கால அளவு வருகிறதா, அல்லது மனிதரோ விலங்கோ வருகிறதா என்று பார்த்தால் குழப்பம் வராது.

நம் தமிழ்ப் பேச்சின் அமைப்பு ஆங்கிலத்தில் ஏறிவிடும் இடம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 'கையுறை தீர்ந்துபோச்சு' என்று நாம் சொல்லும்போது எழுவாய் கையுறை. அதையே அப்படியே கொண்டுபோய் 'க்ளவ்ஸ் ஆர் ஓவர்' என்று சொல்லிவிடுகிறோம். அங்கே உள்ளவர்கள் 'வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் க்ளவ்ஸ்' என்பார்கள். தீர்ந்தது பொருளாக இருந்தாலும் எழுவாயாக நிற்பவர்கள் 'நாம்'. தீரவில்லை, குறைந்துவருகிறது என்றால் 'வி ஆர் ரன்னிங் லோ ஆன் க்ளவ்ஸ்'. இந்த இரண்டு வாக்கியங்களையும் வாய்விட்டுப் பத்து முறை சொல்லிப் பழகுங்கள். மற்றொன்று, 'ரன்னிங் நோஸ்' என்று நாம் இங்கே பழகியதை அங்கே 'ரன்னி நோஸ்' என்பார்கள். உங்கள் தேர்வு நல்லபடியாக அமைய என் வாழ்த்துகள்.

கேள்வி (ஆசிரியை, யாழ்ப்பாணம்): எங்கள் பத்திரிகைகள் கிரிக்கெட்டில் 'ஓட்டங்கள்' என்று எழுதுகின்றன. தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் 'ரன்' என்றே காண்கிறேன். எது பொருத்தம்?

பதில்: 'ஓட்டம்' என்று எழுதுவதில் எந்தக் குறையும் இல்லை, சொல்லப்போனால் அழகாகவே இருக்கிறது. பந்தை அடித்த பிறகு இரு மட்டையாளர்களும் மறுமுனைக்கு ஓடிச் சேர்ந்தால் ஒன்று என்று எண்ணியதால்தான் ஆங்கிலத்திலும் அப்பெயர் அமைந்தது. பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் ஓடாமலேயே நான்கு கிடைத்துவிடுகிறது. அப்போதும் ஆங்கிலத்தில் அது 'ரன்'தான், நீங்கள் எழுதுவதும் 'ஓட்டம்'தான். செயலைக் குறித்த சொல் எண்ணிக்கையின் அலகாக மாறிவிட்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. 'ரன் அவுட்' என்பதை மட்டும் முந்தைய கடிதத்தில் வந்த 'தீர்ந்துபோதல்' என்பதோடு சேர்த்துவிட வேண்டாம்; இது ஓடும்போது ஆட்டமிழப்பது.

கேள்வி (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், விழுப்புரம்): ஒரு சொல் பல பொருள் தருவதைப் பற்றி நம் இலக்கணம் சொல்லியிருப்பதை இந்த ஆங்கிலச் சொல்லோடு பொருத்திப் பார்க்க இடம் உண்டா?

பதில்: ஐயா, தங்கள் கடிதத்தைக் கண்டதும் மகிழ்ந்தேன். நெடுநாளாக நான் எழுத நினைத்திருந்த செய்தி இது.

தொல்காப்பியச் சொல்லதிகாரம் முதல் இயலாகிய கிளவியாக்கத்தில், பல பொருள் தரும் ஒரு சொல்லை இரு வகையாகப் பிரிக்கிறது: வினையால் வேறுபடுவது, வினையால் வேறுபடாதது. முதல் வகையின் பொருளைத் தெரிந்துகொள்ள மூன்று வழிகளையும் சொல்கிறது. அவை வினை, இனம், சார்பு. உரையாசிரியர்கள் இதற்கு எடுத்துக்கொண்ட சொல் 'மா'. அது மரத்தையும் குறிக்கும், விலங்கையும் குறிக்கும். 'மா பூத்தது' என்றால் வினையைக் கொண்டே மரம் என்று அறிகிறோம். 'மாவும் மருதும் ஓங்கின' என்றால் பக்கத்தில் நிற்கும் மருது என்ற இனம் அதை மரம் என்று காட்டிக்கொடுக்கிறது. கவசம் அணிந்து நிற்கும் ஒருவன் 'மாக் கொணா' என்று ஏவினால், அவன் கேட்பது மாங்கிளையை அன்று, குதிரையை என்பது சூழ்நிலையாகிய சார்பினால் விளங்குகிறது.

நூற்பா பெயர்ச்சொல்லை மனத்தில் வைத்தே பேசுகிறது. அதை வினைச்சொல்லுக்கு விரித்துப் பார்ப்பது என் முயற்சி. பெயரின் பொருளை வினை காட்டுவதுபோல, வினையின் பொருளை அதன் எழுவாயும் செயப்படுபொருளும் காட்டும் என்று திருப்பிக்கொண்டால் போதும். 'ரன்' என்பதற்கு எழுவாய் மூக்கு என்றால் ஒழுகுதல். செயப்படுபொருள் பள்ளி என்றால் நடத்துதல். அடுத்தது இனம். 'ரன்' என்பதன் அருகே குழாய், தொட்டி, சோப்பு ஆகிய சொற்கள் நின்றால் பேச்சு தண்ணீரைப் பற்றியது. வாக்குச்சாவடி, கட்சி, வேட்பாளர் என்று நின்றால் தேர்தலைப் பற்றியது. கடைசியாகச் சார்பு. அந்தத் திருச்சிச் சகோதரி காதில் விழுந்த 'ரன் டௌன்' விபத்துப் பிரிவின் வாசலில் ஒரு பொருளும் முதியோர் பிரிவின் படுக்கையருகே வேறு பொருளும் தருகிறது.

நம் 'ஓட்டு' என்ற வடிவத்தையே பாருங்கள். 'வண்டியை ஓட்டு' என்பதில் அது ஏவல் வினை. 'ஓட்டு வீடு' என்பதில் அது கூரையில் வேயும் ஓடு. 'ஓட்டுப் போடு' என்பதில் அது ஆங்கில 'வோட்' என்பது நம் நாவில் ஏறிய வடிவம். ஒன்றோடொன்று உறவே இல்லாத மூன்று சொற்கள் ஒரே வடிவில் வந்து நிற்கின்றன. ஆயினும் 'போடு' என்ற வினையும் 'வீடு' என்ற பெயரும் பக்கத்தில் நிற்பதால் படிப்பறிவில்லாத பாட்டிகூட ஒருநாளும் மயங்குவதில்லை.

இருபதாம் நூற்றாண்டில் ஜே. ஆர். ஃபர்த் என்னும் ஆங்கிலேய மொழியியலாளர், ஒரு சொல்லை அது சேர்ந்திருக்கும் கூட்டத்தைக் கொண்டு அறியலாம் என்று 1957இல் எழுதினார். இன்றைய மொழியியலில் மிகுதியாக எடுத்தாளப்படும் கருத்துகளில் ஒன்று அது. இந்தியாவில் சில ஆண்டுகள் ஆசிரியராகப் பணியாற்றியவர் அவர். தமிழ் ஒலிப்பைப் பற்றி 1934இல் ஒரு சுருக்கமான விளக்கமும் எழுதியிருக்கிறார். அவர் நம் நூற்பாவிலிருந்து இதை எடுத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரமும் இல்லை. நெடுந்தொலைவில் இரு வேறு காலங்களில் வாழ்ந்தவர்கள் சொற்களைக் கூர்ந்து கவனித்து ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். 'இனம்' என்று நம்மவர் வைத்த பெயரும் அவர் 'கூட்டம்' என்று சொன்னதும் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பதை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் ஆங்கில வகுப்பும் தமிழ் வகுப்பும் ஒன்றுக்கொன்று துணையாகும்.

கேள்வி (போட்டித் தேர்வு எழுதுபவர், தருமபுரி): 'ஐ ஹேவ் ரான்' என்பது சரியா?

பதில்: தவறு. இறந்தகாலத்துக்கு மட்டுமே 'ரான்'. 'ஹேவ்', 'ஹேஸ்', 'ஹேட்' ஆகியவற்றுக்குப் பின் மறுபடியும் 'ரன்' என்றே வரும். நிகழ்காலத்தில் இருந்த வடிவம் ஒரு சுற்றுச் சுற்றி மூன்றாம் இடத்தில் திரும்ப வருவதால் இடறல் ஏற்படுகிறது. 'கம்', 'கேம்', 'கம்' என்பதோடு சேர்த்துப் படியுங்கள். இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை.

கேள்வி (இல்லத்தரசி, ஈரோடு): பிள்ளைகளோடு நானும் ஆங்கிலம் படிக்கிறேன். இத்தகைய சொற்களுக்கு எந்த வகை அகராதி நல்லது? ஆங்கிலம்–தமிழ் அகராதி போதாதா?

பதில்: அம்மா, ஆங்கிலம்–தமிழ் அகராதி அறியாத சொல்லுக்கு நல்ல துணை. 'ரன்', 'கெட்', 'டேக்', 'செட்' போன்ற நன்கு அறிந்த சொற்களில்தான் அது கைவிட்டுவிடும். அங்கே காற்புள்ளியிட்டு அடுக்கியிருக்கும் ஓடு, பாய், நடத்து, போட்டியிடு, ஒழுகு ஆகியவற்றில் எது எங்கே பொருந்தும் என்பதை அந்த வரி உங்களுக்குச் சொல்வதில்லை. பொருளுக்கு ஒரு முழு வாக்கியமாவது எடுத்துக்காட்டாகத் தரும் அகராதியே இதற்கு வேண்டும்.

பிறமொழியினர் ஆங்கிலம் கற்பதற்கென்றே அமைந்த அகராதிகள் பல உண்டு. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்துவந்த ஏ. எஸ். ஹார்ன்பி தம் துணைவர்களோடு தொகுத்து 1942இல் டோக்கியோவில் வெளியிட்ட அகராதியே பின்னர் ஆக்ஸ்ஃபோர்டின் கற்போர் அகராதியாக வளர்ந்தது. 1978இல் வந்த லாங்மன் அகராதி ஏறத்தாழ 2,000 எளிய சொற்களுக்குள் எல்லா விளக்கங்களையும் அடக்கியது. எனக்கு மிகவும் பிடித்தது 1987இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேரின் தலைமையில் உருவான கோபில்டு. மக்கள் உண்மையாக எழுதியதையும் பேசியதையும் கணினியில் பெருந்தொகையாகச் சேர்த்து, அதிலிருந்தே பொருள்களையும் எடுத்துக்காட்டுகளையும் எடுத்தார்கள். விளக்கமே ஒரு முழு வாக்கியமாக இருக்கும்: ஒருவர் ஒரு தொழிலையோ அமைப்பையோ 'ரன்' செய்தால் அதற்கு அவர் பொறுப்பாக இருக்கிறார் என்ற முறையில். 'ஒருவர்', 'ஒரு தொழில்' என்று எழுவாயும் செயப்படுபொருளும் விளக்கத்துக்குள்ளேயே வந்துவிடுவதைக் கவனியுங்கள். விழுப்புரம் ஆசிரியருக்கு எழுதிய விடையில் நான் சொன்னது இங்கே அகராதியின் நடையாகவே ஆகியிருக்கிறது. தமிழில் இதற்கு ஒப்பான கவனத்தோடு எடுத்துக்காட்டு வாக்கியங்களைத் தந்தது 1992இல் முதற்பதிப்பு வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. அதில் 'ஓடு', 'போடு', 'பிடி' ஆகியவற்றைப் பிள்ளைகளோடு சேர்ந்து படித்துவிட்டு ஆங்கிலச் சொல்லுக்குப் போங்கள்.

படிக்கும்போது ஒரு நோட்டுப் புத்தகத்தில் 'ரன்' என்று தலைப்பிட்டு, பொருளை எழுதாமல், கண்ணில் பட்ட வாக்கியத்தை மட்டும் எழுதிவையுங்கள். இருபது வாக்கியங்கள் சேர்ந்த பிறகு திரும்பிப் பாருங்கள்.

கேள்வி (பால்பொருள் தயாரிப்பாளர், கொடைக்கானல்): பாலாடைக்கட்டி செய்வதற்குப் பாலில் சேர்க்கும் 'ரெனெட்' என்பதற்கும் 'ரன்' என்பதற்கும் தொடர்பு உண்டு என்று ஒரு நண்பர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: நம்பலாம். முதல் விடையில் சொன்ன பழைய ஆங்கில 'ரின்னன்' குடும்பத்தில் 'கெரின்னன்' என்று ஒரு சொல் இருந்தது; ஒன்றாக ஓடிச் சேர்வது, அதாவது நீர்மமாக இருந்தது கூடித் திரள்வது என்பது அதன் பொருள். பால் உறைவதற்கும் ரத்தம் உறைவதற்கும் ஜெர்மனில் இன்றும் 'கெரின்னென்' என்கிறார்கள். பாலைத் திரளச் செய்யும் பொருளுக்கு 'ரெனெட்' என்ற பெயர் அந்த வழியில் வந்தது. உங்கள் பாத்திரத்தில் பால் கட்டியாகி, ஓரங்களில் தெளிந்த நீர் பிரிந்து ஓடத் தொடங்கும் அந்த நேரத்தில் அந்தப் பழைய வினையின் இரண்டு பொருள்களும் உங்கள் கண்ணெதிரே நிகழ்கின்றன.